அத்தோ கடைக்காரி போடும் ஸ்டார்

பதினோரு வருடமாக மற்றவர்கள் என் கடைக்கு ஸ்டார் போடுகிறார்கள். இன்றைக்கு என் முறை. ஊரில் உள்ள கடைகளைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம், படம் போடலாம் என்று இடம் விட்டு வைத்திருக்கும் ஒரு செயலியின் புகார்ப் பிரிவுக்குத்தான் இந்த விமர்சனம். செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. என் கடைப் பெயரையும் சொல்லப் போவதில்லை, ஏற்கெனவே கிடைத்த விளம்பரமே போதும்.

கடை பழைய வண்ணாரப்பேட்டையில். எம்.சி. ரோட்டில் துணி எடுத்துவிட்டுக் கட்டைப்பையும் பசியுமாகத் திரும்புகிறவர்கள் கண்ணில் படும் ஒரு முனை. அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ், மொய்ங்கா என்ற நூடுல்ஸ் சூப், பேஜோ என்ற மொறுமொறு வடை, முட்டை மசாலா, அவ்வளவுதான். பர்மாவில் கடைகளை எல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்ட 1964-க்குப் பிறகு கப்பலேறி வந்தவர் என் பாட்டி. பக்குவம் அவருடையது, தள்ளுவண்டி அம்மாவுடையது, தகரக் கொட்டகை என்னுடையது. அதைக் கொண்டுபோய்ச் செல்போனில் ஏற்றியவன் தம்பி. 2024 ஜூலை வரைக்கும் 61 பேர் சேர்ந்து 4.4 கொடுத்திருந்தார்கள். தம்பி அதைப் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழுக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருந்தான்.

ஜூலை 17, புதன்கிழமை ராத்திரி. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் அப்போதுதான் சேர ஆரம்பித்திருந்தது. கடையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தபோது தம்பி போனை நீட்டினான். ஒற்றை ஸ்டார். "நேத்து இங்க சாப்ட்டேன். நூடுல்ஸ்ல புழு. கேட்டா திட்றாங்க. யாரும் போகாதீங்க." கூடவே ஒரு படம். கால் மணி நேரத்துக்குள் இன்னும் நாலு பேர், ஆளுக்கு ஒரு ஒற்றை ஸ்டார். அந்த நாலு பேரும் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எவர்சில்வர் மேஜை. எங்கள் கடையில் மேஜையே கிடையாது, எல்லாரும் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றுதான் சாப்பிடுவார்கள். தட்டில் இருந்த நூடுல்ஸ் வெள்ளை வெளேரென்று, மெல்லிசாக, சேமியா மாதிரி. அத்தோ நூடுல்ஸ் தடியாக, ஆரஞ்சு நிறமாக இருக்கும் என்பது வடசென்னையில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். தட்டின் ஓரத்தில் மடங்கிக் கிடந்தது ஒரு அச்சடித்த பில். நான் இன்றுவரை பில் என்று ஒன்றை யாருக்கும் கொடுத்ததில்லை, கணக்கு முழுக்க வாயில்தான். இது எல்லாவற்றுக்கும் மேலே, புதன்கிழமை எழுதியவர் 'நேத்து' என்றால் அது செவ்வாய். செவ்வாய்க்கிழமை கடை லீவு.

இவ்வளவும் எனக்குத் தெரியும். எம்.சி. ரோட்டில் நின்று போனைத் தடவிக்கொண்டே எங்கே சாப்பிடலாம் என்று யோசிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஐந்து ஒற்றை ஸ்டார் விழுந்ததும் 4.4 இறங்கி 4.1 ஆனது. அதுகூடப் பரவாயில்லை. புதிதாக வந்தது மேலே நிற்கும் என்பதால் கடைப் பெயரைத் தொட்டவுடன் அந்தப் புழுப் படம்தான் முகத்தில் அடித்தது. சனிக்கிழமை தொண்ணூறு தட்டு போகும் இடத்தில் அந்தச் சனிக்கிழமை ஐம்பத்திரண்டு. ராத்திரி பதினோரு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வேறு: "அக்கா, புழு அத்தோ ஒரு பார்சல்." பின்னால் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம்.

பக்கத்துப் பிரியாணி வண்டிக்கார பாய்க்கு இது பழகிய வலி. 2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில், ராஜஸ்தானிலிருந்து வந்த இரண்டு டன்னுக்கு மேற்பட்ட கறியைப் பிடித்தார்கள். நாய்க்கறி என்று ஊரே பேசியது. ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது ஆட்டுக்கறிதான். முடிவு வரும்வரை யாருடைய செல்போன் காத்திருந்தது? "அப்ப நான் பத்து நாளு அண்டாவ கவுத்து வெச்சிருந்தேம்மா. உனுக்கு நாப்பது தட்டுதானே கொறஞ்சிருக்கு" என்றார். பாய் ஆறுதல் சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

சரி, சேவைக்கு வருவோம்.

முதல் கதவு, பதிவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளி. அதைத் தொட்டால் 'புகாரளி' என்று வரும். அதையும் தொட்டால் காரணங்களின் பட்டியல்: விளம்பரம், ஆபாசம், வெறுப்புப் பேச்சு, தனிப்பட்ட தகவல், இந்த இடத்துக்குச் சம்பந்தம் இல்லாதது. மேலும் கீழுமாக மூன்று முறை தேடிவிட்டேன். 'பொய்' என்று ஒரு காரணமே இல்லை. கடைக்காரி ஒருத்தி புகார் கொடுக்க வருகிறாள் என்றால் அவள் சொல்ல வருவதே அந்த ஒரு வார்த்தைதான். அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் வைத்திருக்கிறார்கள். மளிகைக் கடையில் உப்பு இல்லை என்பது போல.

கடைசியில் 'சம்பந்தம் இல்லாதது' என்பதைத் தொட்டேன். விளக்கம் எழுத 500 எழுத்துக்கு ஒரு பெட்டி. தமிழில் எழுத ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பெட்டி எழுத்தை எண்ணும் விதம் புரிந்தது. 'அத்தோ' என்பது நமக்கு மூன்று எழுத்து. பெட்டிக்கு ஐந்து. மேலே வைக்கும் புள்ளியைத் தனியாக, கொம்பையும் காலையும் சேர்த்து இன்னொன்றாகப் பிடித்துக்கொள்கிறது. இங்கிலீஷில் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் இடத்தில் எனக்குப் பாதிதான் தேறும். மேஜை, பில், செவ்வாய்க்கிழமை மூன்றையும் அடக்குவதற்குள் எண்ணிக்கை தீர்ந்துவிட்டது. நூடுல்ஸ் நிறத்தை விட்டுவிட்டேன், இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

மூன்றாம் நாள் பதில். "உங்கள் அறிக்கையை மதிப்பாய்வு செய்தோம். இந்த உள்ளடக்கம் எங்கள் கொள்கைகளை மீறவில்லை. இந்தச் சேவை எப்படி இருந்தது?" கீழே ஐந்து ஸ்டார், காலியாக. என்ன நெஞ்சழுத்தம்! அப்போதே ஒன்று போட்டிருப்பேன், தம்பி போனைப் பிடுங்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வக்கீல் அண்ணன் வருவார். தம்புச்செட்டித் தெருவில் ஆபீஸ், கொருக்குப்பேட்டையில் வீடு, நடுவில் என் கடை. மொய்ங்காவில் பேஜோவை நொறுக்கிப் போட்டு, அது ஊறிப் போவதற்குள் குடித்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யார் மேல கோவம் தங்கச்சி? எழுதினவன் மேலயா, எடம் குடுத்தவன் மேலயா?" என்றார்.

"எடம் குடுத்தவன் மேலதாண்ணே. எழுதினவன் யாருன்னே தெரியாது. இவன் பெரிய கம்பெனி. தலைவனப் புடிச்சு ஒரு ராத்திரி உள்ள வெச்சா, மறுநாள் காலைல எடுத்துருவான்."

"வெச்சாங்களே" என்றார், கிண்ணத்தை இறக்காமல்.

2004 டிசம்பரில் நடந்ததாம். பாஸி டாட் காம் என்று ஒரு ஏலத் தளம். அதில் ஒரு கல்லூரி மாணவர் ஆபாச வீடியோ ஒன்றை விற்பனைக்குப் போட்டுவிட்டார். டெல்லி போலீஸ், தளத்தின் தலைமை அதிகாரி அவ்னிஷ் பஜாஜைக் கைது செய்தது. போட்டவர் ஒருவர், உள்ளே போனவர் இன்னொருவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2012-ல்தான் அவர் தலை தப்பியது. அந்தக் கைது கிளப்பிய பேச்சில்தான் 2008-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவைத் திருத்தினார்கள். நடுவில் நின்று இடம் மட்டும் கொடுக்கிறவரை அந்தச் சட்டம் இன்டர்மீடியரி என்கிறது. அடுத்தவர் போட்டதற்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் அதற்குச் சில விலை உண்டு. பதிவை அவர் எழுதியிருக்கவோ திருத்தியிருக்கவோ கூடாது. அரசு விதித்த கவனத்தோடு தளத்தை நடத்த வேண்டும். சட்டத்துக்கு விரோதமானது என்று தெரிந்த பிறகு எடுக்காமல் இருக்கக் கூடாது.

"அதான் நான் சொல்லிட்டனேண்ணே! தெரிஞ்சு போச்சுல்ல?"

முடிச்சு அங்கேதான் இருக்கிறது. 2015 மார்ச் 24-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவிட்ட 66ஏ பிரிவை வெட்டி எறிந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதே தீர்ப்பில், 'தெரிந்த பிறகு' என்பதற்கும் ஒரு அர்த்தம் சொன்னார்கள். கோர்ட் உத்தரவு கையில் கிடைத்தால் தெரிந்தது. அரசாங்கம் முறையாகச் சொன்னால் தெரிந்தது. பழைய வண்ணாரப்பேட்டைக் கடைக்காரி மூன்று புள்ளியைத் தொட்டுச் சொன்னால் தெரிந்ததாகக் கணக்கில்லை. லட்சக்கணக்கில் வரும் புகாரில் எது நியாயம், எது வம்பு என்று கம்பெனியே நீதிபதியாக உட்கார்ந்து பிரிப்பது நடக்காத காரியம் என்பது கோர்ட் சொன்ன காரணம்.

எனக்கு வந்த கோபத்தில் கலந்துகொண்டிருந்த அத்தோவில் புளித்தண்ணீரை ஒரு கரண்டி கூடவே ஊற்றிவிட்டேன். அதைச் சரிக்கட்டப் பொட்டுக்கடலை மாவைத் தூவி, பூண்டு எண்ணெய் விட்டு, கோஸும் பொரித்த வெங்காயமும் இன்னொரு பிடி போட்டுப் பிசைந்தேன். கையால்தான் பிசைவேன். உறை போட்டுக்கொண்டு பிசைந்தால் மாவு எங்கே கட்டியாக நிற்கிறது என்று விரலுக்குத் தெரியாது. இதற்கும் யாராவது ஒற்றை ஸ்டார் போடட்டும், அது நியாயமான ஸ்டார்.

பிசைந்து முடிப்பதற்குள் 2022-ல் வந்த ஒரு இரண்டு ஸ்டார் ஞாபகம் வந்தது. "முட்டை மசாலா ஒரு மாதிரி நாறுது" என்று ஒரு பெண் எழுதியிருந்தார். உண்மைதான். காலையில் அவித்த முட்டையை ராத்திரி வரை ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் சொன்னால் உடனே எடுத்துவிடுவார்கள் என்ற வசதி அன்றைக்கு இருந்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், எடுக்கத்தான் சொல்லியிருப்பேன். வசதி இல்லாததால் முட்டையை இரண்டு வேளையாக அவிக்க ஆரம்பித்தேன். கெட்டுப்போன முட்டை விற்கிற கடைக்காரி கேட்டாலும் உடனே எடுப்பார்கள், நல்ல முட்டை விற்கிற கடைக்காரி கேட்டாலும் உடனே எடுப்பார்கள் என்றால் அந்த இடத்தில் மிச்சம் இருப்பது ஐந்து ஸ்டார் மட்டும்தான். அதை யார் நம்புவார்கள்?

வக்கீல் அண்ணன் விடவில்லை. "உன் வாட்ஸ்அப் குரூப்புக்கு யாரு அட்மின்?" நான்தான். 212 பேர். இன்றைக்கு மொய்ங்கா உண்டா என்று கேட்பதற்காக ஆரம்பித்த குழு. தேர்தல் சமயத்தில் அதில் வந்து விழுந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது, பாதியை நான் திறந்தே பார்க்கவில்லை. கரூரில் வக்கீல்கள் குழு ஒன்றில் வேறொருவர் போட்ட பதிவுக்காக அட்மினையும் வழக்கில் இழுத்திருந்தார்கள். 2021 டிசம்பரில் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை, அவர் வெறும் அட்மின் மட்டும்தான் என்றால் பெயரை நீக்கிவிடுங்கள் என்றது. அடுத்த வருடம் கேரள ஹைகோர்ட்டும் உறுப்பினர் போட்டதற்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்றது. கம்பெனித் தலைவனை உள்ளே வைக்கச் சொன்ன வாயை அந்த இடத்தில் மூடிக்கொண்டேன்.

கடைக்குப் பின்னால் ஒரு நீளச் சுவர் இருக்கிறது. 'விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதி வைத்திருக்கும். அந்த எழுத்தின் மேலேயே கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருப்பார்கள். சில வருடத்துக்கு முன்னால், வட்டிக்கு விடும் ஒருவர், கடனைத் திருப்பாத ஒரு குடும்பத்தின் பெயரைப் போட்டு அசிங்கமாக நோட்டீஸ் அடித்து ராத்திரியோடு ராத்திரியாக அந்தச் சுவரில் ஒட்டிவிட்டார். காலையில் அந்த வீட்டுப் பெண் வந்து சுவர்க்கார அம்மாவிடம் அழுதாள். அம்மா ஒரு பக்கெட் தண்ணீரும் தேங்காய்ச் சிரட்டையுமாகப் போய் அரை மணி நேரம் சுரண்டினார். ராத்திரி முழுக்க ஏன் காவல் இருக்கவில்லை என்று அவரை யாரும் கேட்கவில்லை. அழுத பிறகும் விட்டிருந்தால் தெருவே கேட்டிருக்கும்.

இதை நான் சொன்னதும் வக்கீல் அண்ணன் நிமிர்ந்து நின்றார். இங்கிலாந்தில் 1937-லேயே இதே சுவர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறதாம். ஒரு கோல்ஃப் கிளப்பில் சூதாட்ட மிஷின் வைத்திருந்தார்கள். யாரோ போலீசுக்குச் சொல்லிவிட, மிஷின்கள் போய்விட்டன. சொன்னவர் இவர்தான் என்று குத்திக்காட்டி ஒரு பாட்டைக் கிளப் சுவரில் ஒட்டிவிட்டார்கள். எழுதியவர் யார் என்று தெரியவில்லை. எடுக்கும் அதிகாரம் இருந்தும் எடுக்காமல் விட்டதால் கிளப் நடத்துகிறவர்களே அதை வெளியிட்ட மாதிரிதான் என்று கோர்ட் சொன்னது. ஆனால் வழக்குப் போட்டவர் தோற்றார். குற்றத்தைப் போலீசுக்குச் சொன்னார் என்பது ஒருவருக்கு எப்படி அவதூறாகும் என்று கேட்டுவிட்டார்கள். வக்கீல்கள் சொல்லும் கதையில் கடைசியில் எப்போதும் இப்படி ஒரு வாழைப்பழத் தோல் இருக்கும்.

அமெரிக்காவில் என்றால் சிரட்டையே கிடையாது என்றார். அங்கே 1995-ல், ஓக்லஹோமா குண்டுவெடிப்பைக் கேலி செய்யும் பனியன்கள் விற்பனைக்கு என்று யாரோ ஒரு விளம்பரம் போட்டு, சம்பந்தமே இல்லாத ஒருவரின் போன் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு போன், எல்லாம் வசவு, கொலை மிரட்டல். எடுக்கச் சொல்லிக் கெஞ்சியும் மறுபடி மறுபடி புதுப் பதிவு வந்துகொண்டே இருந்தது. வழக்குப் போட்டார். 1996-ல் வந்த அந்த நாட்டு இணையச் சட்டத்தின் 230-ஆவது பிரிவைக் காட்டி, இடம் கொடுத்த நிறுவனம் பொறுப்பில்லை, சொல்லித் தெரிந்திருந்தாலும் பொறுப்பில்லை என்று 1997-ல் தீர்ப்பாகிவிட்டது. புழு அத்தோ பார்சல் கேட்டு எனக்கு வந்த போன்கள் மொத்தம் ஒன்பது. அந்த மனிதரை நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பாதுகாப்புக்கு வக்கீல்கள் வைத்திருக்கும் பெயர் சேஃப் ஹார்பராம். ஹார்பர் என்றால் எங்களுக்குத் தெரியாததா? ரங்கூன் கப்பலில் வந்த என் பாட்டியைக்கூட, பெட்டியைத் திறந்து காட்டாமல் மெட்ராஸ் ஹார்பரை விட்டு வெளியே விடவில்லையாம்.

அப்புறம் இரண்டாவது கதவு. 2021 பிப்ரவரி 25-ல் வந்த விதிகளின்படி, இடம் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு வழியையும் தளத்திலேயே போட வேண்டும். புகாரை 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், 15 நாளில் முடிக்க வேண்டும். நான் போனபோது இருந்த கணக்கு இது. 50 லட்சம் பயனருக்கு மேல் உள்ள சமூக ஊடகம் என்றால் அந்த அதிகாரி இந்தியாவில் குடியிருக்கிறவராகவும் இருக்க வேண்டும். மூன்று புள்ளி வேறு, இவர் வேறு. இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் பத்து நாள் மிச்சம்.

அவர் பெயரைக் கண்டுபிடிக்கத் தம்பிக்கு நாற்பது நிமிடம் ஆனது. பக்கத்தின் அடிமட்டத்தில், வெள்ளைத் தாளில் சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில் 'சட்டம்' என்று ஒரு வார்த்தை. அதற்குள் போனால் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. விற்பனைக்கு வைத்திருக்கும் விளம்பர இடத்தின் விலை மட்டும் முதல் பக்கத்திலேயே பளிச்சென்று இருக்கிறது.

புகாரை வக்கீல் அண்ணன் சொல்லச் சொல்ல, தம்புச்செட்டித் தெருவில் அவருக்குத் தெரிந்த பிரவுசிங் சென்டர் பையன் டைப் செய்தான். அவனுக்கு மட்டும் தனியாக ஐந்து ஸ்டார். அவதூறு என்று வரும் இடத்தில் அவன் விரல் தானாகவே 'இ.பி.கோ. 499, 500' என்று அடித்துவிட்டது. "டேய், இந்த மாசம் ஒண்ணாந்தேதியோட அது போச்சு. பாரதிய நியாய சன்ஹிதா, 356" என்று அண்ணன் திருத்தினார். பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்தத் தெருவில் எத்தனை வருடமாக அந்த எண்களையே அடித்துப் பழகிய விரல்களோ. உடன் வைத்தது: என் கடையில் மேஜை இல்லாத படம், அத்தோவின் படம், பதிவுச் சான்றிதழ், செயலியிலேயே 'செவ்வாய் விடுமுறை' என்று நாங்கள் போட்டிருந்ததன் படம். பொத்தாம்பொதுவாகத் திட்டாமல், எந்தப் பதிவு, எந்த வரி, எதனால் பொய் என்று ஒன்றரைப் பக்கம்.

ஜூலை 29-ல் அனுப்பினோம். மறுநாளே, 24 மணி நேரத்துக்குள், எண் போட்டுப் பதில் வந்துவிட்டது. நல்லதையும் சொல்ல வேண்டும் இல்லையா? ஆகஸ்ட் 12, பதினான்காம் நாள், முடிவு வந்தது. படத்தை எடுத்துவிட்டார்கள். அது இந்த இடத்தில் எடுத்தது இல்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். எழுத்தை எடுக்கவில்லை. அது பயனரின் கருத்தாம். கோர்ட் உத்தரவு இருந்தால் அனுப்பலாமாம்.

இந்த இடத்தில்தான் எனக்கு இவர்களோடு தீராத வழக்கு. ருசி இல்லை என்பது கருத்து. விலை அதிகம் என்பது கருத்து. கடைக்காரி மூஞ்சியைக் காட்டுகிறாள் என்பது கருத்து, சில நாள் உண்மையும்கூட. புழு இருந்தது என்பது எப்படிக் கருத்தாகும்? இருந்தது, அல்லது இல்லை. அதுவும் படம் வேறு கடையுடையது என்று ஒத்துக்கொண்ட பிறகு, கடை மூடியிருந்த நாளில் சாப்பிட்டதாகச் சொன்னவரின் எழுத்துக்கு என்ன மரியாதை மிச்சம் இருக்கிறது? பாதி நோட்டீசைச் சுரண்டிவிட்டுப் பாதியை விட்டிருக்கிறார்கள்.

கோர்ட் வழி திறந்துதான் இருக்கிறது. எழுதியவருக்கு 79-ஆவது பிரிவு குடை பிடிக்காது, அவர் எப்போதும் பொறுப்புதான். யார் என்று தெரியாவிட்டால், கணக்கின் விவரத்தைக் கொடு என்று தளத்துக்கு உத்தரவிடும்படி கோர்ட்டைக் கேட்கலாம். நஷ்டஈட்டு வழக்கு என்றால் எழுதி ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். எடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கிவிட்டால், அன்றிருந்த விதிப்படி 36 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். எல்லாம் சரி. தட்டு 70 ரூபாய் என்று அத்தோ விற்கிறவள், நாலு மணிக்குக் கோஸ் நறுக்காமல் ஹைகோர்ட் வளாகத்தில் வாய்தாவுக்கு நின்றால், அந்தப் புழுப் பதிவால் வந்ததை விட அதிகம் நஷ்டம் அதுதான். போகவில்லை.

மூன்றாவது கதவுக்குப் போனேன். குறைதீர் அதிகாரியின் முடிவு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்ய மத்திய அரசு 2023 ஜனவரியில் மூன்று குழுக்களை அமைத்தது. முடிவு கிடைத்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், எல்லாம் ஆன்லைன், டெல்லிக்கு ரயில் ஏற வேண்டாம். ஆகஸ்ட் 28-ல் அதே பையன், அதே பிரவுசிங் சென்டர். அந்தக் குழுவுக்கு நான் ஸ்டார் போடுவது முறையாகாது, ஏனென்றால் அவர்கள் சொல்வதற்கு முன்னாலேயே கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது. விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் தம்பி போனைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். அந்த எழுத்தைக் காணோம். எழுதியவரே பயந்து எடுத்தாரா, கம்பெனிக்காரர்கள் எடுத்தார்களா, யாரும் சொல்லவில்லை. ஒரு வரி மெயில்கூட வரவில்லை. அழுத பிள்ளைக்குப் பால் கொடுத்தது யார் என்று தெரியாமலேயே குடித்துக்கொண்டேன்.

ஆக, ஸ்டார். மூன்று புள்ளிக்கு ஒன்று, அதுவும் சீக்கிரம் பதில் வந்ததற்காக. குறைதீர் அதிகாரிக்கு மூன்று. நாள் கணக்கைக் காப்பாற்றினார், படத்தை எடுத்தார். அவர் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட விட்டதற்கும், புழுவைக் கருத்து என்று சொன்னதற்கும் இரண்டு போச்சு. விமர்சனங்களை எப்படி வாங்குவது, எழுதியவர் நிஜ ஆளா என்று எப்படிச் சரிபார்ப்பது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரமே வெளியிட்டிருக்கிறது. விருப்பம் இருந்தால் பின்பற்றலாம் என்ற வகை. இவர்களுக்கு விருப்பம் இருக்கிறதா என்று கேட்டு ஒரு மெயில் போட்டேன். அதற்கு மட்டும் இன்னும் எண்கூட வரவில்லை.

உங்கள் கடைக்கும் இப்படி நேர்ந்தால் முதல் நாளே படம் பிடித்து வையுங்கள், தேதி, நேரம், பக்க முகவரி எல்லாம் தெரிகிற மாதிரி. மூன்று புள்ளியோடு நிற்காதீர்கள். நேராக அடிமட்டத்துச் சாம்பல் எழுத்துக்குப் போங்கள். தமிழில் எழுதினால் பெட்டியில் இடம் போதாது, தனியாக எழுதி இணைத்துவிடுங்கள்.

அந்த நாலு வெறும் ஸ்டாரும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. ஒரு வார்த்தையும் எழுதாதவர்கள் மேல் பொய் என்று எப்படிப் புகார் கொடுப்பது? எழுத்து போன பிறகு 4.1 ஏறி 4.2 ஆனது. தம்பி பழைய 4.4-ஐக் கழற்றவில்லை. நானும் கழற்றச் சொல்லவில்லை, அதற்குக் கீழே ஒரு அட்டை மட்டும் எழுதி மாட்டச் சொல்லியிருக்கிறேன்: செவ்வாய் லீவு.